மாத்திரைக்குக் கரையாத நிழல்

ஆசிரியருக்கு வணக்கம்.

காசநோய் தினத்தையொட்டி மார்ச் 24 அன்று வெளிவந்த சிறப்புப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்க வேண்டும், தொடங்கிய மாத்திரையை நடுவில் நிறுத்தக் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தீர்கள். அதில் விடுபட்ட ஒன்றைச் சொல்லவே இக்கடிதம்.

என் அம்மாவுக்கு 58 வயது. எங்கள் வீட்டில் யாருக்கும் புகைப் பழக்கம் கிடையாது. ஓயாத இருமலுக்கு எக்ஸ்ரே எடுத்தபோது வலது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாகத் தெரிந்தது. நிமோனியா என்று பத்து நாள் மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. அடுத்து காசநோய் என்றார்கள். சளியை இரண்டு முறை சோதித்தும் கிருமி தென்படவில்லை. படத்தை மட்டும் வைத்து மாத்திரையைத் தொடங்கினார்கள். விதியில் அதற்கு இடமுண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. ரிஃபாம்பிசின் மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைக் கண்டு, நோய்தான் வெளியேறுகிறது என்று அம்மா நம்பினார்.

ஐந்து மாதம் ஒரு வேளைகூடத் தவறவில்லை. எடை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. தினமும் காலையில் முட்டையின் வெள்ளைக்கருபோல வழவழவென்று அரை டம்ளர் சளி வரும். போகும்போதெல்லாம் "தொடர்ந்து சாப்பிடுங்கள்" என்பதே பதில்.

கடைசியில் வேறொரு மருத்துவர் படத்தைக் கேட்பதற்கு முன் அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். விரல் நுனிகள் உருண்டு, நகங்கள் கிளிமூக்காக வளைந்திருந்தன. மருதாணி வைத்துவிட்டபோது நானும் அதைப் பார்த்தேன். வயதாகிறது என்று விட்டுவிட்டேன். சி.டி. ஸ்கேன், பிறகு ஊசி மூலம் சதைப் பரிசோதனை. நுரையீரல் புற்றுநோய்.

இந்த வகைப் புற்று கட்டியாகத் திரள்வதில்லையாம். காற்றுப்பைகளின் சுவரை ஒட்டியே படர்ந்து, அவற்றைச் சளியால் நிரப்புகிறது. நிமோனியாவில் சீழும் நீரும் நிரம்பினாலும் படத்தில் அதே வெள்ளைதான். இன்னொரு வகை இரு நுரையீரல்களிலும் தினை இறைத்ததுபோல் பரவி, காசநோயை அப்படியே ஒத்திருக்கும். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கும்போது மருத்துவரின் எண்ணம் முதலில் அங்கே போவது இயல்பே. ஆனால் அங்கேயே நின்றுவிடலாமா?

அம்மாவின் மூன்று எக்ஸ்ரேக்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாகப் பிடித்துப் பார்த்தேன். படம் பார்க்கத் தெரியாத எனக்கே புரிகிறது: வெள்ளை குறையவே இல்லை, மாதத்துக்கு மாதம் மேலே ஏறியிருக்கிறது. இப்போது இடப்பக்கமும் பரவிவிட்டதால் அறுவைக்கு வழியில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோதெரபிக்குப் போய்வருகிறோம்.

சளியில் கிருமி இல்லாமலேயே மாத்திரை தொடங்கியவர்களுக்கு, இரண்டாம் மாத முடிவில் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். நிழல் சுருங்கவில்லை என்றால் ஸ்கேனுக்கும் சதைப் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாகவும் இருக்கலாம். அதையும் சோதித்தால்தானே தெரியும்? இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். பழைய படங்களைத் தூக்கிப் போடாமல் எடுத்துப்போய், "குறைந்திருக்கிறதா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்த சிறப்புப் பக்கத்தில் இதற்கும் நான்கு வரி ஒதுக்குங்கள், ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேனி மாவட்டம்.