வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான பிள்ளைகளே,

யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் உயிரியல் படித்து, இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் ஆய்வுகூடங்களில் வேலை செய்யும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு நானே கரும்பலகையில் செங்குழியம் கீறிக் காட்டியிருக்கிறேன். ஊருக்கு வரும்போது, "ரீச்சர், நாங்கள் சேர்ந்து ஒரு கம்பனி தொடங்கப் போகிறோம், இரத்த நோய்க்கும் புற்றுநோய்க்கும் மருந்து செய்யப் போகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போகிறீர்கள். எனக்கு அதில் பெரிய சந்தோசம். கம்பனியின் முதல் கடதாசியில் கையெழுத்து வைக்க முதல் இதை ஒருமுறை வாசியுங்கள்.

என் மகனுக்கு 17 வயது. பீற்றா தலசீமியா, உடம்பு செங்குழியத்துக்கு வேண்டிய ஈமோகுளோபினைச் சரியாகச் செய்யாத பரம்பரை நோய். மூன்று கிழமைக்கு ஒரு தடவை பெரியாஸ்பத்திரியில் அவனுக்கு இரத்தம் ஏற்றுகிறோம். நானும் கணவரும் மச்சான் மச்சாள். கலியாணம் பேசியபோது சாதகம் நல்ல பொருத்தம் என்றார்கள். இரத்தத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. தாய் தகப்பன் இருவரும் காவிகள், அதாவது தங்களுக்கு நோய் இல்லாமல் பழுதான பரம்பரை அலகை (ஜீனை) சுமப்பவர்கள், என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு என்று வருடா வருடம் வகுப்பில் சதுரம் கீறிப் படிப்பித்தவள் நான்.

எட்டு மாதத்தில் பிள்ளை வெளிறிப்போனான். முதலில் காட்டிய இடத்தில் இரும்புச்சத்துக் குறைவு என்று பாணி தந்தார்கள். நாலு மாதம் பருக்கினேன். தலசீமியாப் பிள்ளைக்கு இரும்பு கூடிப்போவதுதான் ஆபத்து. ஏற்றுகிற இரத்தத்தோடு வருகிற இரும்பு இதயத்திலும் ஈரலிலும் போய்ப் படியும். அதை வெளியேற்ற, கிழமையில் ஐந்து இரவு வயிற்றுத் தோலுக்குக் கீழே ஊசி குத்தி, சின்னப் பம்பைப் பூட்டி, விடியும்வரை மருந்து விட்டோம். இப்போது குளிசை வந்துவிட்டது. என்பு மச்சை மாற்றுவதைப் பற்றியும் கேட்டோம். கூடப்பிறந்தவருடையது பொருந்துவதற்கும் அதே நாலில் ஒன்றுதான். அக்காவுடையது பொருந்தவில்லை.

2023 நவம்பரில் பிரித்தானியா தலசீமியாவுக்கும் கொடுக்கக்கூடிய காஸ்கெவி என்ற சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. பரம்பரை அலகைக் குறித்த இடத்தில் வெட்டி மாற்றுகிற கிறிஸ்பர் முறையில் உலகிலேயே முதலில் அனுமதி பெற்றது அது. அந்தச் செய்தியை அன்றிரவு மூன்று தரம் வாசித்தேன். அதன் யோசனை எவ்வளவு அழகானது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்ல ஆசையாக இருக்கிறது. வயிற்றில் இருக்கும்போது பிள்ளைக்கு வேறொரு ஈமோகுளோபின் ஓடுகிறது. பிறந்து சில மாதத்தில் பிசிஎல்11ஏ என்ற பரம்பரை அலகு அதைப் பூட்டிவிடும். நோயாளியின் இரத்தத்தை உண்டாக்குகிற மூலக் கலங்களை வெளியே எடுத்து, அந்தப் பூட்டை வெட்டி, திரும்ப உடம்புக்குள் விடுகிறார்கள். கெட்டுப்போன அலகைத் தொடவே இல்லை. பிள்ளை தாய் வயிற்றில் வைத்திருந்ததே அவனுக்குத் திரும்பக் கிடைக்கிறது.

அதைச் செய்த கம்பனிகளில் ஒன்று 2013இல் தொடங்கியது. எம்மானுவேல் சார்பென்டியே அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். கிறிஸ்பர் முறைக்காக 2020இல் ஜெனிபர் டவுட்னாவோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றவர். பத்து வருடத்தில் மருந்து வந்துவிட்டது. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர். நான் அதை ரூபாவாக மாற்றிப் பார்க்கவில்லை.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக, தூசி படாத அறையில் செய்கிற மருந்து அது. பணம் போட்டவர்கள் பணத்தைக் கேட்பார்கள். ஆனால் விலை என்பது மருந்து முடிந்த பிறகு வந்து சேருகிற ஒன்று இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. யாரிடம் பணம் வாங்குகிறோம், எங்கே செய்கிறோம், எந்த நோயாளியை மனதில் வைத்துத் தொடங்குகிறோம் என்பதிலேயே அதில் பாதி முடிவாகிவிடுகிறது.

பம்பாய் ஐ.ஐ.ரி.யில் ராகுல் புர்வாரும் அவரோடு இருந்தவர்களும் செய்ததைப் பாருங்கள். நோயாளியின் ரி கலங்கள் என்ற ஒருவகை வெண்குழியங்களை எடுத்து, புற்றுநோயைத் தேடிக் கொல்லும்படி மாற்றித் திரும்ப விடுகிற கார்-ரி சிகிச்சைக்கு 2017இல் அமெரிக்கா முதல் அனுமதி கொடுத்தபோது விலை 4,75,000 டொலர். இவர்கள் இமியூனோஆக்ட் என்று ஒரு கம்பனி தொடங்கி, டாட்டா நினைவு மருத்துவமனையோடு சேர்ந்து, அதைத் தங்கள் நாட்டிலேயே செய்தார்கள். 2023 ஒக்ரோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. விலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதுவும் எங்களுக்குப் பெரிய தொகைதான், ஆனால் ஒரு குடும்பம் காணியை விற்றாவது யோசிக்கக்கூடிய தொகை. வேலூரில், இரத்தம் சரியாக உறையாத ஈமோபீலியா நோய் கடுமையாக உள்ள ஐந்து பேருக்குப் பரம்பரை அலகுச் சிகிச்சை கொடுத்து, அவர்களுக்கு இரத்தக்கசிவு நின்றதை 2024இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். வேலூர் எங்களுக்குத் தெரியாத ஊரா? யாழ்ப்பாணத்தில் எத்தனை வீட்டுப் பெட்டிகளில் வேலூர் ரிப்போட் கிடக்கிறது!

ஆகவே நான் கேட்பது இதுதான். எங்களைப் போன்ற நாடுகளுக்கு என்ன விலை, எந்த வருடத்துக்குள் என்பதைத் தொடக்கப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பணம் போடுகிறவர் அதை வாசித்துவிட்டுப் போடட்டும். பிறகு பார்ப்போம் என்று விட்டால், பிறகு உங்கள் கையில் இருக்காது.

அப்புறம், மருந்து மட்டும் வந்தால் காணாது. கலங்களைத் திருப்பி விடமுதல் கடும் மருந்து கொடுத்து மச்சையை வெறுமையாக்குவார்கள். அந்தக் கிழமைகளில் ஒரு சின்னக் கிருமிகூடப் பிள்ளையைக் கொன்றுவிடும். தனி அறையும் அதற்கென்றே பழகிய தாதிமாரும் வேண்டும். இங்கே அது வர வருடங்கள் ஆகலாம். அதனால் முதலில் சிறியதிலிருந்து தொடங்குங்கள். குருநாகல் பக்கம்போல இங்கே தலசீமியா அதிகம் இல்லை, ஆனால் சொந்தத்துக்குள் கட்டுகிற வழக்கம் உண்டு. கலியாணத்துக்கு முதல் காவியா என்று பார்க்கும் பரிசோதனையை மலிவாகவும் இரகசியமாகவும் யாழ்ப்பாணத்திலேயே செய்து கொடுங்கள். பிள்ளை பெறுவதற்கு முன்னமே எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நோயாளிகளிடம் கையெழுத்து வாங்கும் பத்திரங்களைத் தமிழில் எழுதுங்கள். 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசனரி கிறீன் வைத்தியர் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். உங்களால் முடியாதா?

சனத்திடம் பணம் இல்லை என்று நினைக்காதீர்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து காசு சேர்த்தார்கள். சிங்களச் சனமும் தமிழ்ச் சனமும் கொடுத்தார்கள். மலிவான மருந்து என்று நீங்கள் எழுதித் தந்தால், அந்தப் பத்திரத்தைக் கொண்டு வீடு வீடாகப் போக நான் தயார்.

இந்த முறை ஊருக்கு வந்தால் நல்லூருக்குப் போவீர்கள், காங்கேசன்துறைக் கடலுக்குப் போவீர்கள். ஒரு காலை நேரம் எங்களோடு வார்ட்டுக்கும் வாருங்கள். இரத்தம் ஏறி முடிய நாலு மணித்தியாலம் செல்லும். என் மகனுக்கு உங்களிடம் கேட்க நிறையக் கேள்வி இருக்கிறது; எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் உயிரியல் ரீச்சர்,
கோப்பாய்.