அம்மம்மா ஏன் அழுதா என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

2018ஆம் ஆண்டு உன் ஒன்பதாவது பிறந்தநாளன்று ரொறொன்ரோவிலிருந்து நீங்கள் வீடியோவில் அழைத்தபோது, உன் முகத்தைக் கண்டதும் அம்மம்மா விம்மி விம்மி அழத் தொடங்கினார். அவரால் நிறுத்த முடியவில்லை. நீ பயந்து எழுந்து போனாய். பிறகு அந்த அழைப்புகளுக்கு நீ வரவேயில்லை. ‘நான் என்ன பிழை செய்தேன், அம்மம்மா ஏன் அழுதா?’ என்ற கேள்வி இன்றும் உன் மனத்தில் கிடக்கிறது என்று போன கிழமைதான் உன் அம்மா, என் தங்கை, எனக்குச் சொன்னா. அம்மம்மாவுக்கு இருந்த ஏ.எல்.எஸ். என்கிற நோய் வந்த வேறு வீடுகளிலும் உன்னைப் போன்ற பிள்ளைகள் இருக்கக்கூடும் என்பதால், உனக்கு எழுதுவதை எல்லோரும் வாசிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

நீ ஒரு பிழையும் செய்யவில்லை. அந்த நோயில் மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் இருந்து தசைகளை இயக்குகிற நரம்புக் கலங்கள் ஒவ்வொன்றாக அழிந்துபோகின்றன. அழுகையையும் சிரிப்பையும் அடக்கி வைக்கிற வழிகளும் சிலருக்கு அதோடு பழுதாகிவிடுகின்றன. அதனால் சிறிய மகிழ்ச்சிகூடப் பெரிய அழுகையாக வெளியே வந்துவிடும். அயலில் ஒரு செத்தவீட்டில் அம்மம்மா அடக்கமாட்டாமல் சிரித்து, அதற்காக வீட்டுக்கு வந்து இரவு முழுவதும் வருந்தியதை நான் பார்த்திருக்கிறேன். அன்று உன்னைக் கண்டு வந்தது சந்தோசம். அது முகத்துக்கு வந்து சேர்ந்த வழிதான் பிழைத்துவிட்டது.

ஆனால் நீ கண்டது கதிரையில் சாய்ந்திருந்த அந்த அம்மம்மாவை மட்டும்தான் என்பதே எனக்குப் பெரிய மனவருத்தம். அவர் பனையோலையில் இழைக்காத பொருள் இல்லை. கடகம், நீத்துப்பெட்டி, சுளகு, தடுக்கு என்று யாழ்ப்பாணத்து உடுவிலில் எங்கள் குசினியில் இருந்தவற்றில் பாதி அவருடைய கைவேலை. மற்றவர்கள் சிவப்பும் பச்சையும் கலந்து இழைத்தபோது, அவர் சாயம் காய்ச்சும் பானைக்கு முன்னால் மணிக்கணக்கில் இருந்து, மாரிகாலத்து வானத்தின் சாம்பல் நீலத்தை ஓலையில் கொண்டுவர முயன்றவர். விற்பதற்காக இழைத்தவற்றிலும் ஒன்றைப் போல் இன்னொன்று இருந்ததில்லை, அது வியாபாரத்துக்கு உதவாது என்று சொன்னவர்களிடம், “அப்ப நான் ஏன் இழைக்கோணும்?” என்று கேட்டார். நீ தவழ்ந்த காலத்தில் உன் கையில் இருந்த ஓலைக் கிலுகிலுப்பையும் அவர் செய்து அனுப்பியதுதான்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, போரால் எங்கள் ஊர் உள்ள வலிகாமம் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது, மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எங்களுக்கு விடியும்வரை சென்றது. அந்தச் சனத்துக்குள் அவர் தலையில் சுமந்த மூட்டைக்குள் ஓலை வாரும் கத்தியும் இருந்தது. சாவகச்சேரியில் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் மூன்று குடும்பங்களோடு தங்கியிருந்தபோது, ஓலை தேடி எடுத்து, ஈரச் சீமெந்துத் தரையில் படுத்த பிள்ளைகளுக்குப் பாய் இழைத்துக் கொடுத்தார். அந்தப் பாய்களிலும் ஓரத்தில் ஒரு கோலம் இருந்தது. இந்த நோய்க்கு முதல் மருந்தான றிலுசோலுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்ததும் அதே ஆண்டு டிசம்பரில்தான். அந்த மருந்து நோயைச் சில மாதங்கள் பின்தள்ளுமேயன்றி மாற்றாது. இருபது வருடங்களுக்குப் பிறகு அதன் பெயரை நாங்கள் நாள்தோறும் சொல்ல வேண்டிவரும் என்று அன்று யார் நினைத்தோம்.

2015 ஐப்பசியில் அவருடைய வலக்கையிலிருந்து ஓலை நழுவத் தொடங்கியது. கழுத்து எலும்புத் தேய்வு என்று முதலில் ஒரு வைத்தியர் சொன்னார்; அதற்கென்று ஏழு மாதம் எண்ணெய் தேய்த்தோம். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதை வற்றிக் குழிவிழ, சின்னவிரல் பக்கம் மட்டும் முன்போலவே இருந்தது. இந்த நோயில் கை மெலிவதற்கே உரிய அடையாளம் அது என்று பிறகு நரம்பியல் நிபுணர் காட்டினார். ஓலையைக் கிள்ளிப் பிடித்து மடக்குவதற்கு வேண்டிய விரல்கள் அந்த இரண்டும்தான். எந்த இரண்டு விரலால் வாழ்ந்தாரோ அவையே முதலில் போயின.

உனக்கும் வருமோ என்று நீ பயந்திருக்கவும் கூடும். இந்நோய் கண்டவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் அது பரம்பரையாக வருகிறது. எங்கள் குடும்பத்தில் அவருக்கு முன்னர் எவருக்கும் இருந்ததில்லை.

பேச்சும் போனபின் கண்கள் மட்டும் அவருக்குக் கீழ்ப்படிந்தன. நான் ஒரு காட்போட் மட்டையில் 18 மெய்யெழுத்துகளையும் அவற்றுக்குக் கீழே 12 உயிரெழுத்துகளையும் பெரிதாக எழுதினேன். விரலை நகர்த்திக்கொண்டு போக, வேண்டிய எழுத்தில் அவர் கண்ணை மேலே உயர்த்துவார். முதலில் மெய், பிறகு உயிர். உயிர் வரிசைக்கு வராமல் கண்ணை மூடினால் அது புள்ளி எழுத்து. ஒரு சொல்லுக்குச் சில வேளை ஐந்து நிமிடம் ஆகும். அந்த மட்டையால் அவர் முதன்முதலில் கேட்டது தண்ணீரையோ தலையணையையோ அல்ல. ‘ஓலை’ என்றார்.

அன்றிலிருந்து அவருடைய கண் சொல்ல என் கை மூடியுள்ள ஓர் ஓலைப்பெட்டியை இழைத்தது. எனக்கு அந்த வேலை ஒருநாளும் சரிவந்ததில்லை. சிறுவயதில் அவர் கூப்பிட்டுக் காட்டியபோதெல்லாம் புத்தகத்தோடு ஓடியவள் நான். எத்தனை இழை விட்டு நீலம் ஏறவேண்டும், எங்கே மடக்கவேண்டும் என்பதெல்லாம் எழுத்தெழுத்தாக வந்தது. மூன்றாவது சுற்றில் நான் ஓர் இழையைத் தவறவிட்டு, தெரியாதென்று நினைத்து மேலே இழைத்துக்கொண்டு போனேன். அவர் கண் மட்டைக்குப் போனது: அ, வி, ழ். அன்று பின்னேரம் முழுவதையும் அவிழ்ப்பதிலேயே செலவழித்தேன். கோபம் வந்தது, உண்மைதான். அவருக்கோ அதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

அந்தப் பெட்டி உனக்கானது, மகள். நீங்கள் அழைத்த அன்று காலைதான் மூடிக்குரிய இழைகளை எண்ணிச் சொல்லி முடித்திருந்தார், அது யாருக்கென்று அப்போதுதான் எனக்குச் சொன்னார். பின்னேரம் நீ திரையில் வந்தாய். 2019 மாசியில் அவர் போய்விட்டார். மூடியை முடிக்க எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது, ஏனென்றால் பிழைத்த இடமெல்லாம் அவிழ்த்தேன்.

அடுத்த மாதம் வருகிற உன் அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன். உங்கள் வீட்டுச் சூடாக்கிக்குப் பக்கத்தில் வைக்காதே, ஓலை வறண்டு வெடிக்கும். மூடி கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். இழுக்காமல் இடப்பக்கமாகத் திருப்பித் திற.

அன்புடன்,
பெரியம்மா