காவல் நிலையத்தில் பார்த்த டீச்சரம்மாவுக்கு நன்றி

எங்கள் தெருநாயின் காலை ஒருவர் இரும்புக் கம்பியால் அடித்து உடைத்துவிட்டார். வேளச்சேரி பக்கம்தான். புகார் கொடுக்கப் போனால், "நாய்க்கெல்லாம் கேஸாம்மா? ப்ளூ கிராஸுக்கு போன் பண்ணுங்க" என்று சிரித்தார்கள்.

பாஸ்போர்ட் தொலைந்துபோன புகாருக்காக நீங்கள் அங்கே காத்திருந்தீர்கள். நான் உதவி கேட்கவே இல்லை. நீங்களாகவே நகர்ந்து வந்து மனுவை வாங்கிப் படித்தீர்கள். 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை மட்டும் சொன்னால் முதல் தடவைக்கு அபராதம் 50 ரூபாயைத் தாண்டாது (இத்தனை வருஷமாக இதை மாற்றாமல் வைத்திருப்பதை என்னவென்று சொல்ல!), அதனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 325-வது பிரிவையும் சேர்க்கச் சொன்னீர்கள். விலங்கைக் கொன்றாலோ முடமாக்கினாலோ அதில் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

எங்கே, எத்தனை மணிக்கு, யார் யார் பார்த்தார்கள் என்று கேட்டுக் கேட்டுப் புது மனுவை நீங்களே எழுதினீர்கள். "வீடியோவை வெட்டாம அப்படியே வை. டாக்டர்கிட்ட காயத்தை எழுதி வாங்கு. புகாரை வாங்கிக்கிட்டதுக்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காம எழுந்திருக்காதே." உங்கள் வேலை முடிந்த பிறகும், ரசீது என் கைக்கு வரும்வரை பக்கத்திலேயே இருந்தீர்கள். வக்கீலா என்று கேட்டேன். "ரிட்டயர்ட் டீச்சர்மா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டீர்கள். பெயர்கூடக் கேட்கவில்லை.

எஃப்ஐஆர் போட்டுவிட்டார்கள், டீச்சர். கட்டுப் போட்ட காலோடு நாய் தெருவைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அப்புறம், உங்கள் பாஸ்போர்ட் கிடைத்ததா?