குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்யாதே

அன்புள்ள கண்ணனுக்கு,

தேவி போனில் அழுதாள். உனக்கு எச்ஐவி இருப்பதால் குழந்தையே வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாயாம். அவளுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறாய், அது எனக்கும் புரிகிறது, அவளுக்கும் புரிகிறது. ஆனால் கண்ணு, உன்னுடையது இருபது வருஷத்துக்கு முந்தைய பயம். இதையெல்லாம் மகனிடம் போனில் பேச எனக்கு வாய் வராது. பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள் எழுதுவதாக நினைத்துப் படி.

அப்பாவிடமிருந்து எச்ஐவி நேராகக் குழந்தைக்குப் போகாது. அம்மாவுக்குத் தொற்றினால்தான் குழந்தைக்கு வரும். தேவியைக் காப்பாற்றிவிட்டால் பிள்ளையையும் காப்பாற்றின மாதிரி.

2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியில் எச்ஐவிக்கு இலவசக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் மாத்திரைக்காகக் காடு கரையை விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை ஆசையை வாய்விட்டுச் சொல்லவே கூசுவார்கள். அப்போதே இத்தாலியில், மிலான் நகரத்தில், செம்ப்ரினி என்ற டாக்டர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கிருமி பெரும்பாலும் விந்தின் நீரிலும் அதிலுள்ள வெள்ளணுக்களிலும்தான் இருக்கும். விந்தை மெஷினில் சுழற்றி அவற்றைப் பிரித்தெடுத்து, கழுவிய விந்தணுக்களை மட்டும் மனைவியின் கருப்பைக்குள் செலுத்துவார்கள். இன்றும் அந்த முறை இருக்கிறது. செலவு அதிகம். மருந்து நன்றாகக் கேட்கிறவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை.

ஏனென்றால் இப்போது மருந்தே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இருவரில் ஒருவருக்கு மட்டும் எச்ஐவி உள்ள ஜோடிகளை ஐரோப்பாவின் 14 நாடுகளில் கவனித்து, பார்ட்னர் என்ற ஆய்வின் முடிவை 2016இல் வெளியிட்டார்கள். ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை சேர்ந்தும், துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. அதில் எச்ஐவி இருந்த எல்லாரும் மருந்தில் இருந்தவர்கள், வைரல் லோடு, அதாவது ஒரு மில்லி ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு, 200க்குக் கீழே இருந்தவர்கள்.

உனக்கும் அந்த எண்தான் முக்கியம். உடம்பு நன்றாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதே, ரிப்போர்ட்டில் வரட்டும். கிருமி தென்படவில்லை என்று ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை வந்தால் எனக்கு நிம்மதி. அதுவரை ஆணுறையை விடாதே. நைட் ஷிப்ட் வாரத்தில் மாத்திரை தவறிப்போகிறது என்று தேவி சொன்னாள். எனக்குக் கவலையெல்லாம் இதில்தான். ஒரு நாளைக்கான மாத்திரையைச் சாப்பாட்டுப் பையிலேயே எப்போதும் போட்டு வை.

ரிப்போர்ட் நன்றாக வந்த பிறகு, இரண்டு பேரும் பால்வினை நோய் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உன் விந்துப் பரிசோதனையையும் முன்கூட்டியே முடித்துவிடு. அதில் குறை இருந்தால் மாதக்கணக்கில் வீணாகக் காத்திருக்க வேண்டாம் பார். அப்புறம் கரு தரிக்கும் நாட்களில் மட்டும் ஆணுறை இல்லாமல் இருந்தால் போதும். அவளுக்கு 28 நாள் சுற்று என்றால், மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி, பத்தாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாள் வரை. தேவி இடையிடையே எச்ஐவி டெஸ்ட் எடுக்கட்டும், கர்ப்பமான பிறகும் எடுக்கட்டும். உன் வைரல் லோடு இறங்கவில்லை என்றால் அவளுக்கு எச்ஐவி தொற்றாமல் இருக்க முன்கூட்டியே கொடுக்கும் தடுப்பு மாத்திரை இருக்கிறது. அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த தடவை ஏஆர்டி மையத்துக்கு மாத்திரை வாங்கப் போகும்போது தேவியையும் கூட்டிக்கொண்டு போ. டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் கவுன்சிலரிடம் சொல்: "எங்களுக்குக் குழந்தை வேண்டும், வைரல் லோடு பார்க்கணும்." அவர்களுக்கு இது புதிதில்லை. சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ரிப்போர்ட் வந்த அன்றைக்கே எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அம்மா