முதலில் அந்த அடாப்டரைக் கழற்று

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். சீனி மகள் கல்யாணத்துக்கு நாம் இருவருமே போகவில்லை, சேர்ந்தே திட்டு வாங்கிக்கொள்வோம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். மற்ற கதையெல்லாம் அடுத்த கடிதத்தில். கயலின் கம்ப்யூட்டரில் கடையில் வாங்கிப் போட்ட கிராபிக்ஸ் கார்டு, அந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, திரையில் படமே காட்டவில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும்தான் இந்த அவசரம்.

எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கு. கடைக்காரர் கார்டோடு இனாமாகக் கொடுத்த அந்த அடாப்டர், ஹார்ட் டிஸ்க் ஒயரை ஆறு பின்னாக மாற்றுவது, அதைக் கழற்றிவிடு. ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் அந்த சாட்டா பவர் முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள்தான், ஒன்றுக்கு 1.5 ஆம்பியர். மொத்தமே 54 வாட். கார்டின் ஆறு பின் முனை 75 வாட் வரை இழுக்க இடம் உண்டு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி முழு வேகத்தில் ஓடினால் 107 வாட் கேட்கும். சுமை கூடக்கூட முனை சூடேறும், பிளாஸ்டிக் இளகும், உள்ளே ஒயர்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும். ராத்திரி வீடியோவை ரெண்டர் (எடிட் செய்ததை முழுப் படமாக்கும் வேலை) போட்டுவிட்டுத் தூங்கப் போகிற பிள்ளை அவள். இதில் விளையாட்டே வேண்டாம்டா.

அடாப்டரை விடு, உன் டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 டவரின் பவர் சப்ளையே 275 வாட்தான். ஐ5-3470 ப்ராசஸருக்கு 77, கார்டுக்கு 107, போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் ஒரு 50 என்று போட்டால் 234 வருகிறது. கணக்கில் இடம் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய சப்ளையை நம்பி அந்த விளிம்பில் நிறுத்தக் கூடாது.

கார்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பு என்கிறாய். உன் மானிட்டரில் இருப்பது நீல முனை விஜிஏ மட்டும்தானே? அந்தக் கார்டில் விஜிஏ கிடையாது, எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளே போர்ட்டும்தான். அப்படியானால் ஒயரைப் பழையபடி போர்டிலேயே செருகியிருப்பீர்கள். பயாஸில் (மெஷின் எழும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரல்) வீடியோ அமைப்பு ஆட்டோவில் இருந்தால், கார்டைக் கண்டதும் 7010 போர்டின் சொந்த கிராபிக்ஸை அணைத்துவிடும். திரை கருப்பாகத்தான் இருக்கும். கார்டிலிருந்து இந்த மானிட்டருக்குக் கொண்டுவர, உள்ளே சிப் வைத்த எச்டிஎம்ஐ–விஜிஏ கன்வெர்ட்டர் வேண்டும். வெறும் முனை மாற்றி உதவாது, புதிய கார்டுகளில் விஜிஏவுக்கு வேண்டிய அனலாக் சிக்னலே வருவதில்லை.

ஆனால் இதை வீட்டில் சோதிக்காதே. கடையிலேயே நல்ல பவர் சப்ளை உள்ள மெஷினில் போட்டுக் காட்டச் சொல். படம் வந்தால் அங்கேயே மாற்றிக்கொள். ஏன் மாற்றச் சொல்கிறேன் என்றால், மின்சாரப் பிரச்சினை தீர்ந்தாலும் இந்தக் கார்டு கயலுக்குப் பொருந்தாது. பார்க்க முழு நீள ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் உள்ளே இதற்கு நான்கு லேன்தான், அதாவது தகவல் போகும் பாதை நான்குதான். ஸ்லாட் பிசிஐஇ 4.0 தரத்தில் இருந்தால் அது போதும். உன் போர்டு 3.0, வேகம் பாதியாகிவிடும். கார்டின் 4 ஜிபி நிறைந்ததும் திக்கித் திணறும். அதோடு இதில் வீடியோ என்கோடரும், அதாவது வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் பகுதியும், இல்லை. வீடியோ எடிட் செய்கிறவளுக்கு இதைத் தலையில் கட்டியிருக்கிறார்களே, அதுதான் எனக்குக் கோபம்.

கேட்க வேண்டியது என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 75 வாட். ஸ்லாட்டே அவ்வளவு தரும், தனி ஒயர் வேண்டாம். ஒன்றைக் கவனி: இதே பெயரில் ஆறு பின் வைத்த மாடல்களும் உண்டு, ஜிடிடிஆர்6 நினைவகம் வைத்த வகையில் அதிகம். பெட்டியைப் பார்த்து ஏமாறாதே, கார்டின் விளிம்பைத் திருப்பிப் பார். அதற்கு முந்தைய 1050 டிஐ கார்டும் ஓடும், ஆனால் என்விடியா அந்தத் தலைமுறைக்குப் புதிய டிரைவரை 580 வரிசையோடு நிறுத்திவிட்டது. பழைய கார்டு வாங்கினால் ஜிபியு-இசட் என்ற, கார்டின் உண்மை விவரம் காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதே. ஜிடிஎஸ் 450 என்ற பழைய கார்டுக்கு 1050 டிஐ என்று பெயர் மாற்றி விற்கிறவர்கள் உண்டு, அந்த மென்பொருள் பிடித்துக்கொடுத்துவிடும்.

போடுகிற முறை இது. கார்டு இல்லாமலே மெஷினை ஏற்றி, பயாஸை டெல் வெளியிட்ட கடைசிப் பதிப்பு ஏ29-க்குக் கொண்டுபோ. அந்த நேரத்தில் கரண்ட் போனால் போர்டு போச்சு, யுபிஎஸ்ஸில் வைத்துச் செய். பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திவிட்டுக் கார்டைப் போடு. நீல ஸ்லாட்டில் போடு. இன்னொரு நீள ஸ்லாட் உண்டு, அதற்குள் நான்கு லேன்தான். டெல் லோகோவே வரவில்லை என்றால் பயாஸை யுஇஎஃப்ஐ என்ற புது முறைக்கு மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் விண்டோஸ் லெகசி என்ற பழைய முறையில் போட்டதாக இருந்தால், மாற்றியதும் அது ஏறாது. அதற்கு முன் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கை புது முறைக்கு ஏற்ற அமைப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்கும் முன் கயலின் ப்ராஜெக்ட் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடு.

இதற்கு மேல் இந்த மெஷினில் பெரிய காசு போடாதே. 3470-ஐ விண்டோஸ் 11 ஏற்காது, 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி, அந்த 1650 கார்டு, அவ்வளவுதான். மீதியை அவள் அடுத்த கம்ப்யூட்டருக்குச் சேர்த்து வை.

பவர் சப்ளை மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து அனுப்பு. 275-தானா என்று பார்த்துச் சொல்கிறேன்.

உன்,
பாலு