குவாந்தான் கடலடியில் கிடப்பது பழைய இரும்பு அல்ல

மலேசியக் கடல்சார் அமலாக்க முகமையின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 மே மாதம் ஜொகூர் கடலில் நீங்கள் தடுத்து வைத்த சீனக் கப்பலில் துருப்பிடித்த இரும்போடு பழைய பீரங்கிக் குண்டுகளும் இருந்தன. குவாந்தானுக்கு அப்பால் கடலடியில் கிடக்கும் இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களிலிருந்து கொள்ளையடித்தவை என்று சந்தேகம். பிடித்ததற்கு நன்றி. ஆனால் முதலில் சொன்ன குற்றம், அனுமதியில்லாமல் நங்கூரம் போட்டதாம்! சுடுகாட்டைத் தோண்டியவனுக்கு, வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தியதாகச் சம்மன் கொடுத்த கதைதான்.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற அந்தப் போர்க்கப்பல்கள் இரண்டும் 1941 டிசம்பர் 10 அன்று மூழ்கிய விவரமும், மாண்ட 840 பேர் கணக்கும் உங்களுக்குத் தெரியும். ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். ஜப்பானிய டார்பிடோ பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் இடப்பக்கச் சுழலியை (புரொபெல்லர்) இயக்கும் தண்டைச் சிதைத்ததும் அந்த வழியாகத் தண்ணீர் புகுந்தது. கப்பலின் பின்பாதியில் மின்சாரம் போனது. விளக்கு இல்லை, காற்று இல்லை, பம்புகளும் நின்றன. புழுக்கத்தில் சுருண்டவர்களையும் காயம்பட்டவர்களையும் சினிமா காட்டும் கூடத்தில் கொண்டுவந்து கிடத்தினார்கள். பிறகு விழுந்த குண்டு மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு வந்து அங்கேதான் வெடித்தது. கப்பல் இன்று தலைகீழாகக் கிடக்கிறது. அவர்களில் பலரும் அதற்குள்தான். அதன்மேல்தான் கிரேனின் இரும்புப் பற்கள் இறங்குகின்றன.

கப்பலின் மணியை 2002இல் முறையான அனுமதியோடு எடுத்து லிவர்பூல் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். வெண்கலச் சுழலிகளோ திருடர்களிடம் போயின. அந்த இடம் நம் 12 கடல் மைல் எல்லைக்கு வெளியே என்பீர்கள். சரி. மூழ்கிய போர்க்கப்பல்களைக் காக்கும் பிரிட்டனின் 1986ஆம் ஆண்டுச் சட்டமோ அங்கே வெளிநாட்டுக் கப்பல்களைக் கட்டுப்படுத்தாது. அப்புறம் யாரைக் கேட்பது? பக்கத்தில் இருப்பது நாம்தானே? நாள்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் கிரேன் கப்பல் கண்ணில் படாமலா போகும்? அங்கே நிரந்தர ரோந்து வேண்டும்.

போரில் செத்தவர்களை மறப்பது நமக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் மடிந்த எங்கள் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை. அந்தக் கோபத்தை உங்கள்மேல் இறக்குவது நியாயமில்லைதான், மன்னிக்கவும்.

தயவுசெய்து அந்த இரண்டு இடங்களிலும் நிரந்தர ரோந்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். இனி பிடிபடுபவர்கள்மேல் நங்கூர வழக்கோடு நிறுத்தாமல், கொள்ளை வழக்கும் போடுங்கள். பறிமுதல் செய்யும் இரும்பு ஏலத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
ஒரு மலேசியக் குடிமகன்