பாப்பாவுக்கு, அந்த 8.4 பற்றி

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நாற்பது நிமிடம் பேசினோம். தம்பியின் வேலை, அப்பாவின் முட்டி வலி, உன் ஆபீசில் உன்னை மூன்றாவது மாடிக்கு மாற்றியது, எல்லாம் வந்தது. நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. வைத்த பிறகு போனைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து "என்ன சொன்னா" என்றார். "நல்லா இருக்கா" என்றேன். அவர் நம்பவில்லை, ஆனால் மேலே கேட்கவும் இல்லை.

நீ எனக்கு அனுப்பியது ஒரே ஒரு எண். "8.4 மி.மீ., மூணு கோடு தெரியுது, டாக்டர் நல்லா இருக்குன்னார்." ஸ்கேனில் பார்த்த உன் கர்ப்பப்பை உள்சதையின் கனம், அவ்வளவுதான் மெசேஜ். அதற்குப் பிறகு எந்த நாளில் கருவை உள்ளே வைத்திருப்பார்கள், கரு தங்கியதா என்று பார்க்க எந்த நாளில் ரத்தம் எடுத்திருப்பார்கள் என்று நானே விரல் விட்டு எண்ணிக்கொண்டேன். என் கணக்குப்படி அந்த நாள் போய் இன்றோடு பதினொரு நாள். சித்திக்கு மட்டும் சொல்லியிருக்கிறாய் போல. அவளைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். "என் கர்ப்பப்பை தள்ளிவிடுது சித்தி, இடமே கொடுக்க மாட்டேங்குது" என்று அழுதாயாம். அவளிடம் சொல்ல முடிந்தது உன்னால், என்னிடம் முடியவில்லை. அது எனக்கு வலிக்கத்தான் செய்தது. சரி, அதை விடு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எழுதுகிறேன். தள்ளிவிடுது என்கிறாயே, அதை நான் அப்படியே விட மாட்டேன்.

அதற்கு முன் ஒன்று. புரோஜெஸ்டிரோன் மருந்தை நீயாக நிறுத்தாதே. ரிசல்ட் எதுவாக இருந்தாலும் சரி, அவர்கள் நிறுத்தச் சொன்ன பிறகுதான் நிறுத்த வேண்டும்.

நான் 31 வருஷம் மைக்ரோடோம் என்கிற, சதையை மெல்லிசாகச் சீவும் கருவியின் முன்னால் உட்கார்ந்தவள் என்பது உனக்குத் தெரியும், ஆனால் என்ன செய்தேன் என்று நீ கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. கர்ப்பப்பை உள்சதைத் துண்டு வந்தால் மெழுகில் புதைத்து 4 மைக்ரான் கனத்தில் சீவுவேன். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடா மாதிரி வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டு, சுருக்கம் விரிந்த அந்த நொடியில் கண்ணாடியால் ஏந்தி எடுக்க வேண்டும். சாயம் போட்ட பின் பார்த்தால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முகம் இருக்கும். மாதத்தின் முதல் பாதி என்றால் சுரப்பிகள் நேர் நேராகக் குழாய் போல நிற்கும். முட்டை வெளிவந்து மூன்று நாள் ஆகியிருந்தால், சுரப்பிச் செல்களில் நியூக்ளியஸுக்குக் கீழே வெள்ளையாக ஒரு குமிழ், எல்லாச் செல்லிலும் ஒரே உயரத்தில், வரிசையாக இருக்கும். 1950-ல் நாய்ஸ், ஹெர்டிக், ராக் என்று மூன்று பேர் இதை நாள் வாரியாக எழுதி வைத்தார்கள். அந்தக் குமிழைப் பார்த்துவிட்டு எங்கள் டாக்டர் "பதினேழாம் நாள்" என்பார், மாதவிலக்கு வந்த நாளிலிருந்து எண்ணி. நானும் ஒருமுறை எட்டிப் பார்ப்பேன். என்ன அழகு தெரியுமா அது.

அதனால்தான் 8.4 என்ற எண்ணை நீ பிடித்துக்கொண்டதும் எனக்குப் பதறியது. 7-க்குக் கீழே போனால் மெல்லியது என்பார்கள், உனக்கு அந்தக் கவலை இல்லை, சரி. ஆனால் ஸ்கேன் சொல்வது கனத்தையும் தோற்றத்தையும் மட்டும்தான். அந்தச் சதைக்குள் யார் யாரிடம் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது அதில் தெரியாது.

முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் வருகிறது. மேலே இருக்கும் செல்லிடம் "பெருகு" என்று அது நேராகச் சொல்வதைவிட, அடியில் இருக்கிற செல்களிடம்தான் பெரும்பாலும் சொல்கிறது. அவை ஐஜிஎஃப்-1 மாதிரியான வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கின்றன, மேல் செல்கள் அதைக் கேட்டுப் பெருகுகின்றன. விஇஜிஎஃப் என்று இன்னொன்று, அது புது ரத்தக் குழாய்களை இழுத்து வரும். இஜிஎஃப் குடும்பம் என்று ஒன்று இருக்கிறது. அதில் முதலாவதை ஸ்டான்லி கோஹன் கண்டுபிடித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குட்டிக்கு ஊசி போட்டார், அது மற்றக் குட்டிகளுக்கு முன்னால் கண் திறந்துவிட்டது. ஏன் என்று தேடிப் போய்க் கிடைத்ததுதான் இஜிஎஃப். 1986-ல் அதற்கு நோபல் பரிசு, ரீட்டா லெவி-மொன்டால்சினியோடு சேர்ந்து. குட்டியின் கண்ணைத் திறந்த அந்தக் குடும்பத்துக் காரணிகள்தான் கரு வரும்போதும் வேலை செய்கின்றன, அதற்கு வருகிறேன்.

எல்லாரும் இந்த வளர்வதை மட்டுமே பேசுகிறார்கள். எத்தனை மில்லிமீட்டர், எத்தனை மில்லிமீட்டர் என்று. பிற்பாதியில் நடப்பது நேர்மாறானது பாப்பா. வளர்ச்சி நிற்க வேண்டும். புரோஜெஸ்டிரோன் வந்து அடிச் செல்களில் ஹேண்ட்2 என்ற ஒரு புரதத்தை உண்டாக்குகிறது, அது எஃப்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணிகளை அடக்குகிறது, மேல் செல்கள் பெருகுவதை விட்டுவிடுகின்றன. 2011-ல் எலிகளில் காட்டினார்கள். ஹேண்ட்2 இல்லாத எலியில் மேல் செல் பெருகிக்கொண்டே போகிறது, கரு பதிவதில்லை. பெருகிக்கொண்டே இருக்கும் செல்லில் கருவால் ஒட்ட முடியாது. அதனால்தான் அந்த மருந்தை நிறுத்தாதே என்று சொல்கிறேன், நீ சலித்துக்கொண்டாலும் திரும்பச் சொல்வேன்.

அப்புறம் அடிச் செல்கள் உருண்டு பருத்து உருமாறுகின்றன. எலிக்கு இது கரு வந்து தொட்டால்தான் தொடங்கும். மனுஷிக்கோ கரு வருகிறதோ இல்லையோ மாதா மாதம் தானாகவே தொடங்கும், சுருள் சுருளான அந்தச் சின்ன ரத்தக் குழாய்களைச் சுற்றித்தான் முதலில். யாரும் வராத மாதத்திலும் உன் உடம்பு அந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. நீ இடமே கொடுக்க மாட்டேங்குது என்கிறாய்.

எலியில் இன்னொரு பரிசோதனை, 1992-ல். லிஃப் என்று ஒரு காரணி, கர்ப்பப்பைச் சுரப்பிகளில் இருந்து வருவது. அது இல்லாத பெண் எலிகளை உருவாக்கினார்கள். முட்டை வருகிறது, கரு உண்டாகிறது, ஆனால் பதியவில்லை, சும்மா மிதக்கிறது. அதே கருவை எடுத்து லிஃப் இருக்கிற வேறொரு எலிக்குள் வைத்தால் பதிந்து குட்டியாகிவிடுகிறது. இதை எங்கேயோ படித்துவிட்டுத்தான் நீ அந்த முடிவுக்கு வந்திருப்பாய் என்று எனக்கு ஒரு சந்தேகம், உன் மாதிரி நள்ளிரவில் தேடித் தேடிப் படிக்கிறவளுக்கு அது கண்ணில் படாமல் இருக்காது. அப்படியானால் மீதியையும் படி. இதை நம்பி, பல முறை பதியாத பெண்களுக்கு லிஃபையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள், 2009-ல் முடிவு வெளியானது, பலன் ஒன்றும் இல்லை. எலியில் ஒரு கதவை மூடினால் எல்லாம் நின்றுவிடுகிறது, நம் உடம்பில் ஒரே ஒரு சாவி கிடையாது.

கரு சும்மா போய் விழுவதும் இல்லை. முட்டை வெளிவந்து ஆறிலிருந்து பத்து நாளுக்குள்தான் அந்தச் சதை தயாராக இருக்கும், அந்த நேரத்துக்குக் கரு தன் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்து நிற்கும். எலியில் பார்த்திருக்கிறார்கள், அது எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில் மட்டும் எச்பி-இஜிஎஃப், அந்த இஜிஎஃப் குடும்பத்தில் ஒன்று, உண்டாகிறது, ஒட்டுவதற்கு ஆறேழு மணி நேரம் முன்பே. பக்கத்தில் கரு இல்லாத இடத்தில் இல்லை. எலியின் ரத்தத்தில் நீலச் சாயம் ஏற்றினால் கரு ஒட்டின இடமெல்லாம் நீலப் பட்டையாகத் தெரியும், அங்கே மட்டும் ரத்தக் குழாய்கள் இளகிச் சாயத்தைக் கசிய விடுவதால். கரு கூப்பிடுகிறது, சதை பதில் சொல்கிறது. கூப்பிடும் பலம் இல்லாத கரு என்றால் அந்தச் சதை என்ன செய்யும்? குரோமோசோம் கணக்குப் பிசகின கருக்கள் எத்தனை எத்தனையோ, வெளியே பார்க்க லட்சணமாக இருந்தாலும். அது நீ தள்ளிவிட்டதாகாது. மாடி ஏறினதால் ஆனதும் இல்லை. மாப்பிள்ளையோடு அன்றைக்குச் சண்டை போட்டாயாமே, அதனாலும் இல்லை.

நன்றாகச் சாப்பிடு, தூங்கு. சதையைக் கீறி விட்டால் பதியும் என்று யாராவது சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடாதே. 1,300-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பார்த்து 2019-ல் வெளியிட்டார்கள், கீறினவர்களுக்கும் கீறாதவர்களுக்கும் குழந்தை பிறந்தது ஒரே அளவில்தான். எதைச் செய்யச் சொன்னாலும் "இதனால் குழந்தை பிறந்தது கூடியிருக்கிறதா" என்று கேள். உள்சதை கூடியதா என்று கேட்காதே, குழந்தை என்று கேள். நீ எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரையே நிற்க வைத்துக் கேட்டவள். என் பெண்ணுக்குக் கேட்கத் தெரியும்.

இன்னொன்றும் எழுத நினைத்தேன். அந்த விஇஜிஎஃப் இருக்கிறதே, ரத்தக் குழாய்களை இழுத்து வருவது, அது கர்ப்பப்பைக்கு உள்ளே மட்டும் வேலை செய்வதில்லை. அதே மாதிரிச் சதை வெளியே, சினைப்பையில், குடலோரத்தில் போய் ஒட்டிக்கொண்டால் அங்கேயும் அதற்கு ரத்தம் கொண்டுவந்து ஊட்டும்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அரை மணி நேரம் கழித்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாப்பா, உனக்குப் பதினாலு வயது. மாடி அறையில் வெந்நீர்ப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தாய், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றாய். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "எல்லாருக்கும் வர்றதுதான், எனக்கும் வந்துச்சு, எழுந்திரு" என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து போனாய். அன்றைக்குப் போய் நான் எவளோ ஒரு பெண்ணின் சினைப்பைத் துண்டை வெட்டியிருப்பேன், சாக்லேட் சிஸ்ட் என்று டாக்டர் எழுதினதைப் பதிவேட்டில் ஏற்றியிருப்பேன். எத்தனை வெட்டியிருக்கிறேன். கட்டியைத் திறந்தால் வருகிற அந்தப் பழுப்பு நிறம் என் கையுறையில் ஒட்டியிருக்கிறது. ஒரு நாள்கூட வீட்டில் இருக்கிற பெண்ணை நினைக்கவில்லை. நீ அப்புறம் சொல்வதையே விட்டுவிட்டாய். நான் அதை, பெண்ணுக்குப் பொறுமை வந்துவிட்டது என்று சித்தியிடம் பெருமையாகச் சொன்னேன். உனக்கு 29 வயதில் வயிற்றில் துளை போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள், அதுதான், எண்டோமெட்ரியோசிஸ் என்று. பதினைந்து வருஷம். அன்றைக்கு மருத்துவமனை வராந்தாவில் நீ என் முகத்தைப் பார்த்தாய், நான் பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். தெரியாமல் குனியவில்லை.

இப்போது நீ சித்தியிடம் போனதற்கு நான் எப்படி வருத்தப்பட முடியும். வலிக்கிறது என்று நீ என்னிடம் வந்த முதல் தடவையே நான் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அந்த நோய் உள்ளவர்களுக்கு உள்சதை புரோஜெஸ்டிரோன் சொல்வதைச் சரியாகக் கேட்காமல் போகலாம் என்று படித்திருக்கிறேன். சிலருக்குத்தான், எல்லாருக்கும் இல்லை, அதோடு பிள்ளை பெற்றவர்கள் நிறையப் பேர். அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பதினாலு வயதிலேயே காட்டியிருந்தால் இன்றைக்கு மாறியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. மாறாமலேகூட இருந்திருக்கலாம். ஆனாலும் அந்தப் பதினைந்து வருஷத்து வலியாவது குறைந்திருக்கும், அது போதும் எனக்கு, நான் செய்தது தப்பு என்று தெரிய.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தப் பழைய லேப்ராஸ்கோப்பி ரிப்போர்ட்டை எடுத்துப் போ. அது என்னிடம்தான் இருக்கிறது, நீல ஃபைலில், உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்குக் கீழே. போட்டோ எடுத்து இன்று ராத்திரியே அனுப்புகிறேன். அந்த டாக்டருக்கு இது தெரியுமா என்று கேள். தெரியும் என்றால் சரி. மருந்தை நிறுத்தாதே.

அப்பா வண்டி இன்சூரன்ஸ் தேதியை உனக்கு நினைவுபடுத்தச் சொன்னார். அவருக்குக் கேட்கத் தெரிந்தது அதுதான். நான் பதினொரு மணி வரை விழித்திருப்பேன், அதற்குப் பிறகும் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன். பேச வேண்டாம் என்றால் பேசாதே, அடித்துவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டிரு, நானும் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறேன்.

அம்மா